பூஷ்தா வீட்டுக் கொட்டு

பனி விழுந்து, அதன் மேல் சில நாள் வெயிலும் காய்ந்த பிறகுதான் அந்தப் பள்ளத்தாக்கில் கொட்டு ஆரம்பிக்கும். ஈரம் இருந்தால் கஞ்சாச் செடி நசநசத்துப் போகும். சூடு இருந்தால் பிசின் துணியிலேயே அப்பிக்கொள்ளும். காய்ந்த குளிர் வேண்டும். அது வந்துவிட்டால் ரிஃப் மலை ஆண்களைக் கையில் பிடிக்க முடியாது. அகலமான பாத்திரத்தின் வாயில் மெல்லிய துணியை விறைப்பாகக் கட்டி, மேலே செடியைப் பரப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, இரண்டு குச்சிகளோடு கொட்டுவதற்கு மாடியில் உட்கார்ந்துவிடுவார்கள். அடிக்க அடிக்கப் போதைப் பிசின் பொன்னிறப் பொடியாக உள்ளே இறங்கும். மறைத்துச் செய்யவேண்டிய தொழிலை இப்படி மலை அதிரச் செய்கிற கூட்டம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

அடியைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள். கீழ்வீட்டு ஹமாதி ஆட்டை விரட்டுகிறவன் மாதிரி அவசரமாக அடிப்பான். பூஷ்தாவின் அடி தனி. இரண்டு கனமாக, ஒன்று லேசாக, அப்புறம் ஒரு மூச்சு நேரம் சும்மா இருப்பான். அந்த இடைவெளியில் தேநீர் உறிஞ்சுகிறானாம். சோம்பேறி என்று ஊர் சிரிக்கும், ஆனால் அவன் பொடியைப் போல் வேறு யார் பொடியும் வராது.

இந்த வருஷம் பூஷ்தா இல்லை. பனிக்கு முன்னால் பாப் பெரட் சந்தைக்குப் போனவன் திரும்பவில்லை. ஜெண்டார்ம் போலீஸ்காரர்களின் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் பாதி ஆண்களின் பெயர் அதில் உண்டு, அவ்வப்போது ஒருவன் காணாமல் போவதும் உண்டு. எங்கேயாவது பதுங்கியிருந்துவிட்டு வருவான். "நான்தான் லாரி ஏத்திவிட்டேன், லராஷ் பக்கம் போறேன்னான்" என்று அவன் கூட்டாளி ஷாயிப் வந்து சொன்னான். பூஷ்தாவின் மனைவி யாம்னாவும் நம்பினாள்.

அவள் பயந்தது திருடர்களுக்கு. மேல்மாடி அறை நிறையச் செடி காய்ந்து கிடந்தது, வீட்டில் ஆண் இல்லை. போன வருஷம் பள்ளத்தாக்கின் மேற்குச் சரிவில் தனியாக இருந்த ஒரு பெண்ணைக் கட்டிப் போட்டுவிட்டு மூட்டை மூட்டையாக வாரிக்கொண்டு போனார்கள். புருஷன் வரும்வரை அந்தச் செடியைக் காப்பாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் வேண்டியது. பெண்கள் களை பறிக்கலாம், முதுகு ஒடியச் சுமக்கலாம், குச்சியை மட்டும் தொடக்கூடாது என்பது அங்கே வழக்கம். ஏன் என்று கேட்டால் ஆண்கள் மீசையைத் தடவிக்கொள்வார்கள். ஆனால் பூஷ்தாவின் அடி கேட்டால் வீட்டில் ஆண் இருக்கிறான் என்று எந்தத் திருடனும் கிட்ட வரமாட்டான். யாம்னா குச்சியை எடுத்தாள். கல்யாணமானதிலிருந்து அந்த அடிக்குத்தான் கீழே உட்கார்ந்து மாவு பிசைந்திருக்கிறாள். இரண்டு கனமாக, ஒன்று லேசாக, ஒரு மூச்சு சும்மா. கை தானாக வந்தது.

மறுநாள் காலையில் ஹமாதியின் மனைவி மென்னானா வேலிப் பக்கம் வந்து கண்ணைச் சிமிட்டினாள்.

"வந்துட்டானாடி? மூஞ்சியப் பாரு, வெண்ணெய் பூசின மாதிரி!"

"தூங்கறாரு. சத்தம் போடாதக்கா."

"ஆமாமா, தூங்கட்டும். இத்தன நாள் பாக்கி இருக்கே!"

ஹமாதியும் வந்தான். அந்த ஊரில் எந்த ஆணும் வீட்டுக்காரன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் வேலியைத் தாண்டமாட்டான். அவனும் வெளியிலேயே நின்றுகொண்டு, "பூஷ்தா! மெதுவா அடிடா, ஜெண்டார்ம் காதுல விழப்போகுது!" என்று கத்திவிட்டுப் போனான். ஜெண்டார்ம் காதில் விழுந்தாலும் விழும் என்கிற அளவுக்குக் கத்தினான். யாம்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஊர் நம்பிவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் நடுப்பகலில் மாடியில் அடித்துக்கொண்டிருந்தபோது கீழே கதவு கிறீச்சிட்டது. யாரும் கூப்பிடவில்லை. இறங்கி வந்து பார்த்தாள். பூஷ்தா உட்காருகிற ஆட்டுத்தோலில் ஷாயிப் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னண்ணே, ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?"

"கதவு தொறந்துதானே கெடந்துச்சு."

"அவரு மேல இருக்காரு. இப்பதான் கண்ணசந்தாரு."

மற்றவர்கள் இதைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்கள். ஷாயிப் தாழ்த்தவில்லை. மாடிப்படியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்பிலிருந்த மொச்சைக் கஞ்சியைத் தானே கிண்ணத்தில் ஊற்றி, ஆலிவ் எண்ணெய் விட்டு, ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். அவனுக்கு மட்டும் அந்தத் தயக்கம் இல்லை. ஏனென்று யாம்னாவுக்கு இன்னும் விளங்கவில்லை.

"கை வலிக்கலையா அண்ணி?"

"எனக்கென்ன வலி? அடிச்சது அவருல்ல."

"நல்லாவே அடிக்கிற. முந்தாநாள் காதுல விழுந்தப்ப எனக்கே ஒடம்பு ஆடிப்போச்சு. ராத்திரி பூரா தூக்கமில்ல."

"கூட்டாளி வந்துட்டாருன்னா சந்தோஷம்தானே படணும்? ஒடம்பு ஏன் ஆடணும்?"

ஷாயிப் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். அவசரமே இல்லை. விரலில் ஒட்டிய எண்ணெயை நக்கினான்.

"சரி, எழுப்பு. ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறேன்."

அவள் நகரவில்லை. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கேலிகூட இல்லை, இரக்கம் மாதிரி ஒன்று இருந்தது. அதுதான் அவளைக் கலங்கடித்தது.

"இங்க பாரு அண்ணி. ஒத்தப் பொம்பள, எத்தன நாளைக்கு இந்தக் கூத்து? மேல இருக்கற ஊத்து நெலத்த எம்பேருக்கு எழுதிக் குடுத்துரு. ஒன்னை யாரும் தொடாம நான் பாத்துக்கறேன்."

போன கோடையில் ஷாயிப்பின் செடிகள் தண்ணீரில்லாமல் கருகியபோதும் அவன் அந்த ஊற்று நிலத்தைத்தான் கேட்டான். "செத்தாலும் தரமாட்டேன்டா" என்று பூஷ்தா அவன் தோளில் தட்டிச் சிரித்தான்.

"அவரு வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்றாள் யாம்னா.

"வரமாட்டான்."

நாளைக்குப் பனி பெய்யும் என்கிற மாதிரிச் சொன்னான். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் அந்த அடியைக் கேட்டு பூஷ்தா வந்துவிட்டான் என்று நம்பியது. லாரி ஏற்றிவிட்டவன் எல்லோருக்கும் முன்னால் அல்லவா நம்பியிருக்க வேண்டும்? ஓடி வந்து வேலியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டாமா? செத்தவன் பெயரை யார் கூப்பிடுவார்கள்? சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போய் எழுப்பிட்டு வரேன்" என்றாள்.

"போ, போ" என்று சொல்லிவிட்டு அவன் இன்னொரு ரொட்டியை எடுத்தான்.

மாடியில் பாத்திரத்தின் முன் உட்கார்ந்து குச்சியை எடுத்தாள். இந்த முறை பூஷ்தாவைப் போல அடிக்கவில்லை. அவள் கைக்கு எப்படி வந்ததோ அப்படி அடித்தாள். தாறுமாறாக, மூச்சுவிடாமல், தாள் கிழிந்து செடி சிதற அடித்தாள். பூஷ்தா வீட்டில் யாரோ அயலான் குச்சியை எடுத்திருக்கிறான் என்று பள்ளத்தாக்கு முழுதும் கேட்டது. முதலில் ஹமாதி வீட்டு அடி நின்றது. பிறகு எதிர்ச்சரிவில் ஒன்று, அதற்கும் மேலே ஒன்று. கொஞ்ச நேரத்தில் அவள் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

"நிறுத்து!" ஷாயிப் படியேறி வந்தான். குச்சிகளைப் பிடுங்கி எறிந்து, அவள் பிடரியைப் பற்றினான். எண்ணெய்க் கை வழுக்கியது, மறுபடி இறுக்கிப் பிடித்தான். வெளியே பனி நொறுங்க ஆட்கள் ஓடி வருவது கேட்டது.

"பூஷ்தா!" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஹமாதி கூப்பிட்டான். "டேய் பூஷ்தா! யாருடா உள்ள?"

பல குரல்கள் கூப்பிட்டன. ஒருவரும் வேலியைத் தாண்டவில்லை. பதில் வரும்வரை தாண்டமாட்டார்கள்.

"தூங்கறாருன்னு சொல்லு" என்று ஷாயிப் அவள் காதில் சீறினான். "தெனம் அதத்தானே சொல்ற? சொல்லு. அவனுங்க போயிருவானுங்க."

போய்விடுவார்கள்தான். அது அவளுக்கும் தெரியும். பூஷ்தா இல்லை, உள்ளே இருப்பது அயலான் என்று தன் வாயால் சொன்னால்தான் அவர்கள் உள்ளே வருவார்கள். சொல்லிவிட்டால் அவன் உண்மையிலேயே இல்லாமல் போய்விடுவான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மற்றபடி பிடரியிலிருந்த கையை அவள் பொருட்படுத்தவே இல்லை.

ஜன்னல் பலகையை முழங்கையால் இடித்துத் திறந்தாள்.

"அவரு இல்ல ஹமாதியண்ணே! வரவே இல்ல! அடிச்சது நான்தான்! அவர எங்க பொதைச்சான்னு இந்த ஷாயிப்பக் கேளுங்க!"