ஏவன்டேல் சந்தையில் அக்கா

பப்பாளிக்காய்ச் சம்பலை ஒரு வாய் அள்ளிப் போட்டதும் இராசமலருக்குக் கண்ணும் மூக்கும் ஒன்றாக ஒழுகத் தொடங்கின. ஆனாலும் தட்டை விட்டாளில்லை. நியூசிலாந்தின் ஏவன்டேல் ஞாயிறு சந்தைக்குள் நுழைந்ததிலிருந்து குச்சியில் சுட்ட கோழிச் சதே, புளி விட்டுப் பிரட்டிய நூடில்ஸ், இப்போது சம்பல் என்று தாய்லாந்துக்காரியின் கூடாரத்தையே சுற்றிக்கொண்டிருந்தாள். கனடாவிலிருந்து தம்பியைப் பார்க்க வந்தவள். நாளைக்குப் பிளேன். வந்த இரண்டு கிழமையும் நாக்குக்கு அவள் ஒரு குறையும் வைக்கவில்லை.

பக்கத்தில் கீரைக்கட்டோடு நின்ற, முன்பின் தெரியாத தமிழ்ப் பெண்ணையும் அவள் விடவில்லை. "என்ர தம்பி மூண்டு வருசம் பேங்கொக்கில இருந்தவன். அவையின்ர பாஷை இவனுக்குத் தண்ணிபட்ட பாடு."

"அப்படியா! குடுத்து வச்சவர்," என்றாள் அந்தப் பெண்.

தம்பி பார்த்தீபன் சிரித்து வைத்தான். கொடுத்துவைத்தவன்தான். விசா முடிந்த பிறகு, நியூசிலாந்து அகதியாக ஏற்றுக் கூப்பிடும்வரை, ஒற்றை அறைக்குள் அவனும் மனைவி நிசாந்தினியும் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு ஒளிந்து கிடந்த வருடங்கள் அவை. முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்த கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து, அவன் அக்காவுக்குத்தான் திரும்பத் திரும்ப போன் எடுத்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அம்மா இல்லாதவன், அழுவதற்கு அக்காவின் காது வேண்டியிருந்தது. அதைப் பற்றி இராசமலர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. மன்னிப்புக்கூட வேண்டாம், ஓம் தம்பி, தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இந்த இரண்டு கிழமையும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாய் சாப்பிட மட்டும்தான் திறந்தது.

இனியும் பொறுக்க முடியவில்லை. "அக்கா, பேங்கொக்கில இருந்து நான் எடுத்த கோல் உங்களுக்கு வந்ததோ?"

அவள் கை தட்டிலேயே நின்றது.

"வந்தது," என்றாள். "எடுத்தா நீ அழுவாய். எனக்கு அழுகை கேக்கேலாதடா, பிறகு நித்திரை வராது." வாயைத் துடைத்தாள். "அதுகளை இப்ப ஏன் கதைச்சுக்கொண்டு? அங்க பார், தாய்லாந்துக்காரி வாழைப்பழம் பொரிக்கிறாள். ரெண்டு பேருக்கும் வாங்கு."

நம்பர் மாறியிருக்கும், போன் பழுதாகியிருக்கும் என்று இத்தனை வருடமாக அவளுக்காக அவனே சோடித்து வைத்திருந்த சாட்டுகள் எல்லாம் ஒரு நொடியில் போய்விட்டன.

வாழைப்பழம் வாங்கப் போனான். வேறென்ன செய்வது, வீட்டுக்கு வந்த விருந்தாளி. அக்கா போனைத் தூக்கிப் பிடித்தபடி பின்னாலேயே வந்தாள்.

"அவளோட அவளின்ர பாஷையில ரெண்டு சொல்லுக் கதையடா. வீடியோ எடுத்துப் பிள்ளையளுக்கு அனுப்பப் போறன்."

பிள்ளை கலைந்த அந்தக் கிழமை, பேங்கொக் மருந்துக்கடையில் சொல்வதற்கென்று அவன் ஒரு வசனம் பாடமாக்கியிருந்தான். அதையே இப்போது, கமராவைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு, தாய்லாந்துப் பாஷையில் சொன்னான். 'என் மனைவிக்கு இரத்தம் நிற்கவில்லை. போலீசைக் கூப்பிடாதீர்கள். மருந்து மட்டும் தாருங்கள்.'

"என்ன வடிவாக் கதைக்கிறான்! என்னடா சொன்னனீ?"

"சாப்பாடு நல்ல ருசி எண்டனான்."

"உண்மைதானே," என்று இராசமலர் போனைக் கடைக்காரியின் பக்கம் திருப்பினாள். கடைக்காரி கரண்டியைத் தூக்கியபடி பார்த்தீபனையே பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணெய்ச் சட்டியில் வாழைப்பழங்கள் கருகிக்கொண்டிருந்தன.