மழைக்கு வைத்தது

சுசீலாபாய் ஊற்றிய கஞ்சித்தண்ணீர் தொண்டைக்குள் இறங்காமல் அப்பா ராஜமணியின் கடைவாய் வழியே தலையணையில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் ஒரு கரண்டி எடுத்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. காதுக்குக் கீழிருந்து தோள்வரை கழுத்து ஒரே வீக்கமாக இறுகிப்போயிருந்தது. வீக்கத்தின் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு, கன்னங்கரேலென்று அந்தப் புண்.

"மதி, மக்ளே. போதும்."

"ரெண்டு கரண்டிதான் குடிச்சிருக்கீங்க."

"மதின்னு சொல்லுகேன்லா."

வலிக்காத புண் அது. அதனால்தான் ஆரம்பத்தில் யாரிடமும் காட்டவில்லை. கொசு கடித்ததற்கா ஆஸ்பத்திரி என்று சிரித்தார். காய்ச்சல் வந்து விழுந்த பிறகு மருமகன் சத்தியநேசன் பெரிய டாக்டரைக் கையோடு கூட்டிவந்தான். ஊசி போட்டார்கள். ரத்தத்தில் ஏறிவிட்டது, இனித் தூக்கிக்கொண்டு போய் அலைக்க வேண்டாம் என்று டாக்டர் மருமகனிடம் மட்டும் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னல் வழியே புகை வந்தது. ராஜமணி மூக்கைச் சுளித்தார்.

"என்ன எரிக்காவ?"

"தென்னை மட்டை."

"மட்டைக்கு இந்த நாத்தம் வருமா?" என்றார்.

ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். திருநெல்வேலிச் சீமையில் ஆடு வாங்கி, கணவாய் வழியாக நடத்திக் கொண்டுவந்து, கரமனை ஆற்றங்கரையில் இந்தக் கொட்டிலில் சில நாள் தீனி போட்டு, சாலைக் கம்போளச் சந்தையின் இறைச்சிக்காரர்களுக்குக் கொடுப்பார். இந்த மேட மாசம், சித்திரை வெயிலில் வந்த கூட்டத்தில் ஓர் ஆடு நின்றபடியே விழுந்து செத்தது. மூக்கில் ரத்தம். அடுத்த நாள் இன்னொன்று. மிருக வைத்திய இன்ஸ்பெக்டர் வந்து ரத்தம் எடுத்துப் பார்த்து, அடைப்பான் நோய் என்றார். அந்த இன்ஸ்பெக்டர் சுசீலாவின் புருஷன்.

சர்க்கார் உத்தரவைத் தெருத்தெருவாகப் பறையடித்துச் சொன்னார்கள். ஆடு பாலம் கடக்கக்கூடாது. செத்ததையும் சாகக் கிடப்பதையும் அறுக்கக்கூடாது, தோல் உரிக்கக்கூடாது, அப்படியே எரிக்கவேண்டும். சிந்துகிற ஒரு சொட்டு ரத்தம் போதும், அந்த மண்ணே நோயாகிவிடும் என்று சத்தியநேசன் மாமனாரின் முற்றத்தில் நின்று ஆட்களுக்கு விளக்கினான். ராஜமணி வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போனார். அன்று சாயங்காலம் ஒரு கிடா நடுங்கத் தொடங்கியது. மருமகனின் ஆட்கள் வருமுன் அதை அவரே அறுத்து உரித்தார்.

தோல் கொட்டிலின் பின்னாலேயே அகப்பட்டது. இறைச்சிதான் போன இடம் தெரியவில்லை.

"சுசீலா."

வாசலில் சத்தியநேசன் நின்றான். காக்கிச் சட்டை முழுக்கச் சாம்பல். அவள் எழுந்து வெளியே போனாள்.

"கேட்டியா?"

"மூச்சு விடவே சீவன் இல்ல அவருக்கு. அதையா கேக்கச் சொல்லுதீங்க?"

"நான் கேட்டா சொல்லமாட்டாரு. மறுநாளு நல்ல வெயில் வேற. உப்புக்கண்டம்தான் போட்டிருக்கணும். உப்பு போட்டாலும், காய்ஞ்சாலும், இந்தக் கிருமிக்குச் சாவு கிடையாது. யார் வீட்டிலயோ தொங்கிட்டுக் கிடக்கு அது."

"இன்னிக்குத்தான் அது வேணுமா? இன்னிக்கு ஒரு நாள் எங்கப்பாவை விட்டுற முடியாதா?"

கொட்டில் பக்கம் யாரோ "சாரே" என்று கூப்பிட்டார்கள். அவன் போய்விட்டான். அவள் அடுக்களைக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் தண்ணீர்ப் பானையைத் திறந்தாள், மூடினாள். புழக்கடையில் பலாமரத்தடியில் தாணு குத்தவைத்திருந்தான். அப்பாவிடம் ரொம்ப வருஷமாக ஆடு நடத்துகிறவன். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மறுபடி உள்ளே வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். ஜன்னலைச் சாத்தினாள். புழுக்கம் தாங்காமல் திறந்தாள்.

"உக்காரு மக்ளே. ஆடு மாதிரி அலைஞ்சுக்கிட்டு."

உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தக் கிடாவை யாருக்குக் குடுத்தீங்க?"

ராஜமணி கண்ணை மூடிக்கொண்டார். "நல்ல கிடா அது. அறுக்கச்சில கண்ணுல வெளிச்சம் இருந்துது."

"யாருக்கு?"

"சொன்னா உம் மாப்பிள போலீசைக் கூட்டிட்டுப் போவான்."

"போலீசு ஒண்ணும் வராது. அதைத் தின்னா செத்துப்போவாங்கப்பா."

உறங்கிவிட்டாரோ என்று அவள் குனிந்தாள். கண் திறந்திருந்தது.

"எனக்கு வந்திருக்கது அதுதானா?"

யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. விஷக்காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஆமாப்பா."

அவர் கை கழுத்தை நோக்கி எழுந்து, பாதியில் போர்வைமேல் விழுந்தது.

"கொட்டிலை அடைச்சாச்சு" என்றார், மூச்சை இழுத்து இழுத்து. "தாணுவுக்கு இனி வேலை ஏது? மழை மாசத்துக்கு அவன் பெண்சாதிக்கும் பிள்ளியளுக்கும் வல்லதும் திங்க வேண்டாமா? மழைக்கு வச்சுக்கோன்னு குடுத்தேன்."

சுசீலா எழுந்தாள். காக்கிச்சட்டை தூரத்தில் வருவது தெரிந்தாலே அந்த இறைச்சி வேறு வீட்டுக்கு மாறிவிடும். புழக்கடைக் கதவைத் திறந்து தாணுவைக் கூப்பிட்டாள்.

"அப்பா பக்கத்துல இரியுங்க. நான் இப்ப வந்திருவேன்."

எங்கே என்று தாணு கேட்கவில்லை. கேட்காததே அவளுக்குப் பதிலாக இருந்தது.

ஆற்றங்கரை வழியே வாழைத் தோட்டத்தைத் தாண்டிப் போகவேண்டும். காற்றே இல்லை. கிழக்கே மேகம் கட்டியிருந்தது. நடந்தவள் ஓடத் தொடங்கினாள். ஓடினால் யாராவது ஏனென்று கேட்பார்களோ என்று மறுபடி நடந்தாள். திரும்பிவிடலாமா என்று ஒருதரம் நின்றும் பார்த்தாள். தாணுவின் பிள்ளைகள் வாய்க்காலில் கால் அளைந்துகொண்டிருந்ததைக் கண்டபின் நிற்கவில்லை.

தாணுவின் பெண்சாதி சரசம்மா வாசலில் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளிக்கு எப்படி இருக்கு, சுசீலாம்மா?"

"சரசம்மா, அப்பா தந்த உப்புக்கண்டத்தை எடுங்க."

கத்தி நின்றது. "என்ன கண்டம்? இங்க ஒண்ணும் இல்ல, கேட்டியளா."

"அப்பாவே சொல்லிட்டாரு."

"சொகமில்லாத மனுசன், வல்லதும் உளறுவாரு."

"அதுல விஷம் இருக்கு. பிள்ளியளுக்குக் குடுத்தீங்களா?"

"விஷமா?" சரசம்மா எழுந்து கதவை மறைத்தாற்போல் நின்றாள். "ஒங்க வீட்டுக்காரரு வந்தாரு, ஆடெல்லாம் போச்சு. எங்க ஆளுக்கு வேலை போச்சு. மழை வந்தா நாலு மாசம் ஒருத்தரும் ஒரு வேலை தரமாட்டாவ. ஒங்களுக்குச் சர்க்கார் சம்பளம் இருக்கு. எங்க அடுப்புல கிடக்கதையும் எரிக்கணுமா?"

"நான் சர்க்காருக்காக வரல்ல. அப்பா கழுத்தை நீங்க பாத்தீங்களா? அதை அறுத்ததுலதான் அவருக்கு அப்படி."

"எத்தனையோ ஆடு அறுத்திருக்காரு அவரு. அன்னிக்கெல்லாம் வராதது இப்ப மட்டும் வருமா?"

புருஷன் சொல்லும் கிருமியும் ரத்தமும் பூதக்கண்ணாடியில் பார்த்ததும் எல்லாம் சுசீலாவின் நாக்குவரை வந்தன. எதுவும் இந்த வாசலில் செல்லாது என்று பட்டது. அந்தப் பக்கம் வீட்டில் அப்பா ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டிருப்பது ஞாபகம் வந்தது. கால்கள் பரபரத்தன. ஆனாலும் நின்றாள்.

அப்போது வாழைத் தோட்டத்துக்குள்ளிருந்து தாணு வந்தான். வேகமாக வரவில்லை. வாசலுக்கு வந்து, தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். சுசீலாவைப் பார்த்தான், கீழே பார்த்தான்.

சரசம்மா புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போனாள். பானை நகரும் சத்தம் கேட்டது. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருந்த கண்டம் முழுவதையும், கோத்த கயிற்றோடு, ஒரு பழைய ஓலைக்கடவத்தில் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரு துண்டு எடுக்கல்ல" என்றாள். "மழை வரட்டும்னு இருந்தேன். எம் பிள்ளியளு மேல ஆண."

"கையைக் காட்டுங்க."

சரசம்மா காட்டினாள். சுசீலா விரல் விரலாக, முழங்கைவரை, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை.

"சிறிசா ஒரு குரு, பரு மாதிரி வந்தாலும், அது வலிக்காட்டாலும், உடனே வந்து சொல்லணும். எங்க வீட்டுக்காரரு தினமும் வந்து பாப்பாரு."

கடவத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு நேரே கொட்டிலுக்குப் போனாள். வீட்டுக்குள்ளிருந்து அக்கம்பக்கத்துப் பெண்கள் அழும் சத்தம் வந்தது. சத்தியநேசன் அவளைப் பார்த்ததும் இரண்டடி முன்னால் வந்தான். கடவத்தைக் கண்டு நின்றான். அதை வாங்கி நெருப்பில் போட்டான். உப்பு படபடவென்று வெடித்தது.

"யாரு வீட்டிலன்னு கேக்கமாட்டேன்" என்றான்.

"கேளுங்க. தினம் போய் அவங்க கையைப் பாக்கணும்."

அதன்பிறகுதான் கைகழுவிவிட்டு உள்ளே போய் அப்பாவைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. தாணு தாடையைக் கட்டக்கூட அஞ்சி வந்துவிட்டிருக்கிறான். அவளே கட்டினாள்.

சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்துவிட வேண்டுமென்று சுகாதார ஆபீசிலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனான். நாகர்கோவில் சொந்தக்காரர்கள் வரக் காத்திருக்க முடியாது. குளிப்பாட்டக் கூடாது. பெட்டிக்குள் சுண்ணாம்பு போடவேண்டும். கூடியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். சபை உபதேசியார் சத்தியநேசனைத் தனியே அழைத்து, "ஒரு செம்புத் தண்ணியாவது தலைக்கு விடப்படாதா, தம்பி?" என்று கேட்டார். காலையிலிருந்து ஒவ்வொருவருக்கும் உத்தரவு சொல்லிக்கொண்டிருந்தவன் அதற்கு முடியாது என்று தலையை மட்டும் அசைத்தான்.

தச்சன் பெட்டியை முற்றத்தில் இறக்கி மூடியைச் சாய்த்து வைத்தான். சுண்ணாம்புப்பொடிக் கூடை பக்கத்திலேயே இருந்தது. சத்தியநேசன் குனிந்து அதைத் தூக்கினான். தூக்கிக்கொண்டு பெட்டியருகே அப்படியே நின்றான். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடை ஒருபக்கம் சாய்ந்து, பொடி அவன் காலில் சிந்தியது.

சுசீலா வந்து கூடையை வாங்கினாள். பெட்டியின் அருகே முழங்காலிட்டு, ஒரு சிரட்டையால் அள்ளி, தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை மெல்லப் பரப்பினாள். பிறகு உள்ளே போய் அப்பா பெரிய நாளுக்கு ஆலயம் போகக் கட்டும் வேட்டியை எடுத்துவந்து அதன்மேல் விரித்து, சுருக்கங்களை உள்ளங்கையால் நீவினாள். நீவிய இடத்தில் வெள்ளைப்பொடி நூலிழைகளின் வழியே மேலே வந்தது. அதைத் தட்டிவிட்டு, வேட்டியை இரண்டாக மடித்து, மறுபடியும் விரிக்கத் தொடங்கினாள்.