நாலு குறில், இரண்டு குறில்

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த ஆறாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, காஜா பேராங் என்ற ஊரில் பூங்காவனம் தட்டிய மோர்ஸ் தந்திக்குப் பதில் வந்தது. அவள் தட்டிய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. அன்று சந்தையில் கெம்போங் மீன் விலை ஏறியிருந்தது. மழை இல்லை.

அந்த எழுத்து அவள் ஒருத்திக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவள் கணவர் மாணிக்கவாசகம் ரேடியோ பழுது பார்ப்பவர். முறைப்படி லைசன்ஸ் வாங்கி, வீட்டின் பின்னறையில் ஒலிபரப்புப் பெட்டி வைத்திருந்தார். கிளேபாங்கில் துணிக்கடை உமரிடமும், புக்கிட் பாருவில் தமிழ்ப்பள்ளி வாத்தியார் கலியாணசுந்தரத்திடமும் அதேபோல ஒவ்வொன்று இருந்தது. சைக்கிளை மிதித்துப்போய் ஐந்து நிமிஷத்தில் பேசிவிடக்கூடியதை மூன்று பேரும் மாலையில் ஒரு மணி நேரம் தட்டித் தட்டிப் பேசுவார்கள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். சுவருக்கு இந்தப் பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்த பூங்காவனத்துக்கு அது குறிலும் நெடிலுமாகக் கேட்டது. லைசன்ஸ் வாங்கியவருக்கு அழைப்புக்குறி என்று ஒன்று தருவார்கள், கண்காணாத ஊர்க்காரர்கள்கூட அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று ஒருநாள் தெரிந்துகொண்டாள். அதுவரை தெருவில் அவளை மாணிக்கவாசகம் சம்சாரம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"என்னாங்க, எனக்கும் சொல்லிக்கொடுங்க. பரீட்சை எழுதி என் பேருக்கு ஒரு குறி வாங்கணும்."

"உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"கூப்பிட்டா திரும்பிப் பாக்கத்தான்."

அவர் சொல்லிக்கொடுத்தார். ஒரு எழுத்துக்கு ஒரு வாரம் என்று அப்படிப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த கணவன் அந்த வட்டாரத்திலேயே இல்லை என்று பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி தன் வீட்டுக்காரரிடம் சண்டையே போட்டாள். எழுத்து முடிந்ததும் ஞாயிறு மூன்று மணி பூங்காவனத்தின் நேரமாயிற்று. அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, அவள் தந்தி அடிக்கும் சாவியைத் தட்டுவாள். கிளேபாங்கிலிருந்தும் புக்கிட் பாருவிலிருந்தும் பதில் வரும். சாப்பிட்டாச்சா என்பார்கள், ரசம் என்பாள். மாலையில் ஆண்கள் தட்டுவது மட்டும் அவளுக்குப் புரியாது; வேகம் பழகணும் என்பார் அவர். கடைசியில் இரண்டு பேரும் தவறாமல் ஒன்று தட்டுவார்கள்: நாலு குறில், இரண்டு குறில்.

"அது என்னாங்க?"

"நல்லா இருக்குன்னு அர்த்தம். சுருக்கம்."

அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மாவு சலிக்கும்போது சல்லடையில் தட்டினாள். பாக்கியலட்சுமியின் கைக்குழந்தை ஏப்பம் விட அதன் முதுகில் தட்டினாள். மெர்டேக்கா அன்று காலையில் அவள் மெர்டேக்கா என்று ஏழு எழுத்தை அனுப்பியபோது இரண்டு பேரும் அதையே திருப்பி அனுப்பி, நாலு குறில் இரண்டு குறிலை மூன்று தடவை தட்டினார்கள். அவள் அழுதுவிட்டாள்.

ஜனவரியில் பரீட்சை. இயந்திரம் தட்டத் தட்ட, பூங்காவனம் தலை நிமிராமல் பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தாள். மலாய்க்காரப் பரிசோதகர் தாளைத் திருப்பிப் பார்த்தார், நேராக்கிப் பார்த்தார், பிறகு ஒரு நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார். ஒரு எழுத்துகூடச் சரியில்லை. ஆனால் எல்லாத் தவறும் ஒரே ஒழுங்காக இருந்தது. ஒரு எழுத்து வரவேண்டிய இடத்தில் எப்போதும் ஒரே வேறு எழுத்து.

"சியாப்பா ஆஜார்?" என்று மெதுவாகக் கேட்டார். யார் சொல்லிக்கொடுத்தது?

"சுவாமி சாயா," என்றாள். மலாயில் சுவாமி என்றால் புருஷன்.

அவர் பென்சிலால் மேசையில் சரியான எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். இருபத்தாறு முடிந்ததும் அவள் கேட்டாள்: நாலு குறில், இரண்டு குறில்? அவர் பென்சிலைக் கீழே வைத்தார். தந்திக்காரர்கள் சிரிப்பதற்கு அப்படித் தட்டுவார்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"முதல் வாரம் விளையாட்டாத்தான் மாத்திச் சொன்னேன், பூங்கா. ரெண்டாவது வாரம் உண்மையைச் சொல்லிரலாம்னு இருந்தேன். நீ அதுக்குள்ள கத்துக்கிட்ட. எப்படிச் சொல்றது?"

"ரெண்டு வருஷம்!"

"இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கிற ஒரே இடம் அது. நாங்க பேசறது உனக்கும் கேட்டுச்சின்னா அப்புறம் என்னா இருக்கு?"

"அவங்க எப்படி எனக்குப் பதில் தட்டுனாங்க?"

அவர் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மாற்றிய எழுத்துகளை அதில் எழுதி, நண்பர்கள் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்திருந்தார். ஞாயிறு மூன்று மணிக்கு அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர்கள் அவளுக்குப் பதில் தட்டினார்கள். மறுநாள் உமர் ஒரு வாயல் சேலையோடு வந்து நின்றார்.

"அக்கா, நான் அப்பவே வேணாம் லா, பாவம்னு சொன்னேன்."

"யாருகிட்ட சொன்னீங்க?"

"இவர்கிட்டதான்."

"எங்கிட்டல்ல சொல்லியிருக்கணும். எத்தனை நாள் இங்க வந்து என் கையால சாப்பிட்டீங்க!"

சேலை நாற்காலியிலேயே கிடந்தது. வாத்தியார் வரவில்லை. அவர் தன் தாளை அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொல்லியனுப்பினார். உமர் தன்னுடையதைக் கடலில் போட்டார். மாணிக்கவாசகம் மூலத்தையே கிழித்தார். அத்துடன் அந்த எழுத்து பூங்காவனத்தின் கையில் மட்டும் மிஞ்சியது. சரியானதைக் கற்றுக்கொள்ளப் பார்த்தாள். கை கேட்கவில்லை.

மூன்று ஞாயிறு அவள் பின்னறைக்குப் போகவில்லை. நான்காவது ஞாயிறு போய் உட்கார்ந்து, 'யாருமே இல்லையா' என்று தட்டினாள். பதில் வந்தது. முதலில் ஏழு எழுத்து: மெர்டேக்கா. ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் அனுப்பியது கிடைத்தது என்று அடுத்து வந்தது. அதன்பின் அவள் பெயர். யாருடைய சம்சாரமாகவும் இல்லாமல், பூங்காவனம் என்று முழுசாக.

கிளேபாங்கிலும் புக்கிட் பாருவிலும் அந்தச் சத்தம் கேட்டது. இருவரும் தாங்கள் இல்லை என்று குர்ஆன் மீதும் முருகன் படத்தின் மீதும் சத்தியம் செய்தார்கள். மாணிக்கவாசகம் பெட்டியின் வால்வைப் பிடுங்கினார். பதில் வந்தது. கூரையிலிருந்து ஏரியல் கம்பியை இறக்கினார். அதைப் பூங்காவனம் கொல்லையில் கட்டித் துணி காயப்போட்டாள். அப்போதும் வந்தது, மழை நாட்களில் கொஞ்சம் ஈரமாக. தெருவில் சிலர் வந்து நாளைக்கு மழை வருமா, மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார்கள். "அதெல்லாம் அவங்க சொல்றதில்ல," என்று அனுப்பிவிட்டாள். "சாப்பிட்டாச்சான்னு கேப்பாங்க. அவ்வளவுதான்."

மாணிக்கவாசகம் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். அவரே கட்டிய எழுத்துத்தான், ஆனால் ஒன்றுகூட நினைவில்லை. உள்ளே அவள் சிரிப்பாள். "என்னா சொல்றாங்க?" என்பார். "ஒண்ணுமில்ல," என்பாள். இப்படியே நான்கு வருஷம் போயிற்று. பிறகு ஒருநாள், தனக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லி அவரே கேட்டார்.

சொல்லிக்கொடுத்தாள். ஒரு எழுத்துக்கு ஒரு வாரம். அந்த வட்டாரத்தில் அவ்வளவு பொறுமையான பெண்ணும் இல்லை. சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தாளா என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவரும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த ஞாயிறு மூன்று மணிக்கு அவர் சாவியின் முன் உட்கார்ந்து, வியர்த்த விரலால் தன் பெயரை முழுசாகத் தட்டிவிட்டுக் காத்திருந்தார். கம்பியில் அவருடைய இரண்டு சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

பதில் வந்தது. நாலு குறில், இரண்டு குறில்.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். "சிரிக்கிறாங்களா, பூங்கா?"

"நல்லா இருக்குன்னு அர்த்தம்," என்றாள் பூங்காவனம். "சுருக்கம்."

சட்டைகள் காய்ந்திருந்தன. அவள் போய் எடுத்து வந்தாள்.