புள்ளி வைக்காத கத்தி

மடக்குக் கத்தியைக் காதருகே பிடித்துத் திறந்தபோது அது பேசவில்லை. பாதி திறக்கையில் ஒரு ‘டக்’, முழுதாகத் திறந்ததும் இன்னொரு ‘டக்’ என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இது ஈரத்துணி கீழே விழுந்த மாதிரி ‘தொப்’ என்றது. அவள் மடக்கித் திரும்பத் திறந்தாள். தொப். பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். அதுவும் வாயை மூடிக்கொண்டே திறந்தது.

பட்டறையில் அவளுடைய மேசை ஜன்னலோரம் இருந்தது. செய்து முடித்த ஒவ்வொரு கத்தியும் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். சரி என்று பட்டால் ஊசிமுனை உளியை அலகின் அடியில் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு தட்டுவாள். கடுகளவு புள்ளி விழும். கடைக்காரர்கள் முதலில் அந்தப் புள்ளியைத்தான் தேடுவார்கள். சரியில்லை என்றால் கத்தியை இடது பக்கம் தள்ளிவிட்டு ‘வேணாம்’ என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. பட்டறையில் அவளுக்கு வேணாம் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. முதலாளி அவளுடைய உடன்பிறந்த அண்ணன். பட்டறைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளை அவர்தான் அவளுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். அந்த மாடிப்படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் அவளுக்கு அது நினைவிருக்கும்.

கத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அலகை இறுக்கி நிறுத்துகிற ஸ்பிரிங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியவில்லை. மடக்கிப் பார்த்தாள், அலகு பள்ளத்தின் நட்டநடுவே உட்கார்ந்தது. கூர் காகிதத்தைச் சத்தமில்லாமல் பிளந்தது. பக்கவாட்டில் ஆட்டினாள், ஆடவில்லை. வெண்ணெய் மாதிரி திறந்தது. அந்த வெண்ணெய்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. புதுக் கத்தி கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் இருக்கும். வந்த அன்றைக்கே இப்படிக் குழைகிற எதையும், ஆளோ பொருளோ, அவள் நம்புவதில்லை.

மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் கத்தியை முக்கி, அலகும் கைப்பிடியும் சேரும் மூட்டைப் பிரஷ்ஷால் தேய்த்தாள். கெட்டியான கிரீஸ் கரைந்து வந்தது. துடைத்து மறுபடி ஆட்டியபோது அலகு விழப்போகும் பல்லைப் போல ஆடியது. திறந்த அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். நல்ல கத்தி மடங்குவதற்கு முன் ஒரு தரமாவது தகராறு செய்யும். இது சொன்ன பேச்சைக் கேட்கிற மாப்பிள்ளை மாதிரி மடங்கியது. விரலைச் சரியான நேரத்தில் எடுத்துக்கொண்டாள்.

கத்திகளைப் பொருத்துகிறவனை எல்லோரும் ரிவெட்டு என்பார்கள். அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

“என்ன இது, மூட்டுக்கெல்லாம் களிம்பு தடவி அனுப்பியிருக்க?”

“என்னை ஏன்க்கா கேக்குறீங்க? முதலாளி போடச் சொன்னாரு, போட்டேன். நீங்க அண்ணன் தங்கச்சி, இன்னிக்கு அடிச்சுக்குவீங்க, நாளைக்குச் சேந்துக்குவீங்க. நடுவுல நான்தான் நசுங்கணும்.”

“ஸ்பிரிங்கு ஏன் இப்படிச் செத்துக் கெடக்கு?”

அவன் கண் வெட்டு எந்திரத்தின் பக்கம் போய்த் திரும்பியது. அவள் எழுந்து போய்க் கழிவுத் தொட்டியில் கைவிட்டாள். எஃகுத் தகட்டில், மரப்பலகையில் இருப்பது போல, நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடும். ஸ்பிரிங்கை அந்தக் கோட்டோடுதான் வெட்ட வேண்டும். தொட்டியில் கிடந்த துண்டுகளில் கோடுகள் குறுக்கே ஓடின. தகடு மிச்சமாகட்டும் என்று குறுக்கே போட்டு வெட்டியிருக்கிறார்கள். இப்போதே வளைந்து கொடுக்கிற ஸ்பிரிங், நாலு மாதத்தில் விரிசல் விட்டு ஒடியும். வாங்குகிறவர்கள் தோட்டத்தில் ஒட்டுக்கட்டுகிறவர்கள், கயிறு அறுக்கிறவர்கள். கத்தியைப் பார்த்துக்கொண்டு அறுக்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

பதினோரு மணிக்கு வழக்கம்போல அண்ணன் கையில் ஆப்பிளோடு வந்தார். தினமும் அவள் மேசையோரம் நின்று தோல் சீவி, பாதியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுத்தான் மீதியைத் தின்பார். சண்டை போட்ட நாட்களிலும் அந்தப் பாதி வந்துவிடும்.

பெட்டிகள் திறந்தபடியே கிடப்பதைப் பார்த்தார். “வண்டி வாசல்ல நிக்குது. இன்னும் ஒண்ணுலயும் புள்ளி விழலையே?”

“விழாது.”

“எத்தனை வேணாம்?”

“எல்லாமே வேணாம்.”

அவர் சிரித்தார். பட்டறை சிரிக்கவில்லை. சாணைக்கல் ஒன்று மெல்ல நின்றது.

“விளையாடாதம்மா. இந்த ஆர்டர் போச்சுன்னா பட்டறையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். கொஞ்சம் லூசா இருக்கு, அவ்வளவுதானே? கத்தின்னா வெட்டணும். வெட்டுதா இல்லையா?”

“வெட்டும். எதை வெட்டும்னுதான் கேள்வி.”

“உனக்குப் புள்ளி வைக்கிற வேலை கொடுத்ததே நான்.”

“ஆமா. தலையாட்டுற வேலைன்னு அப்ப சொல்லலையே நீ.”

ரிவெட்டு குனிந்து, தரையில் இல்லாத ஆணியைத் தேட ஆரம்பித்தான்.

அண்ணனின் முகம் இறுகியது. “உளியை இங்க வை. நானே அடிச்சுக்கிறேன்.”

அவள் உளியை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். மாடியில் காய்ந்துகொண்டிருக்கும் துணி, அடுப்பில் மூடி வைத்த பாத்திரம், ஜன்னலுக்கு அவளே தைத்த திரை, எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போயின. இதையெல்லாம் மூட்டை கட்ட ஒரு மத்தியானம் போதும்.

“எங்கிட்ட ஏன் பிடுங்குற? நீ போட்ட சட்டம்தான் இருக்கே. என் ‘வேணாம்’ பிடிக்காதவன் என்ன செய்யணும்?”

பட்டறை தொடங்கியபோது அவரே வைத்த வழக்கம் அது. நிராகரித்த கத்தி நல்ல கத்திதான் என்று வாதாடுகிறவன், தன் சொந்தக் கத்தியை அவள் மேசையில் வைத்துவிட்டு, அந்தக் கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். சனிக்கிழமை வரை எல்லா வேலைக்கும் அதுதான். அப்புறமும் அது நல்ல கத்தி என்று சொன்னால் அவள் பேசாமல் புள்ளி வைத்துவிடுவாள். ரிவெட்டு ஒருமுறை வீறாப்பாக எடுத்துப் போனான். மறுநாளே விரலில் கட்டோடு வந்து, ஒன்றும் சொல்லாமல் தன் கத்தியைப் பொறுக்கிக்கொண்டு போனான்.

“சனிக்கிழமை வரைக்கும் வண்டி நிக்குமா?”

“நிக்க வேணாம். இந்த ஆப்பிள் முடியிற வரைக்கும் போதும். எடு, உன் கத்தியை வை.”

“முதலாளிகிட்டப் பேசுற பேச்சா இது?”

“இல்லை. எங்க அண்ணன்கிட்டப் பேசுறேன்.”

பட்டறையில் எல்லாக் கைகளும் நின்றிருந்தன. வாசலில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான், யாரும் திரும்பவில்லை. அண்ணன் சட்டைப்பையிலிருந்து தன் கத்தியை எடுத்தார். பிடி கையெண்ணெயில் கறுத்துப் போயிருந்தது. மேசையில் வைக்கும் முன், பழக்க தோஷம், ஒருமுறை திறந்து மடக்கினார். டக், டக். அந்தச் சத்தம் கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பியது.

அவள் கழுவி வைத்திருந்த கத்தியை எடுத்துக்கொண்டார். தோலைச் சீவத் தொடங்கினார். தேர்ந்த கைதான்; தோல் அறுபடாமல் சுருள் சுருளாகக் கீழே இறங்கியது. அலகு இப்படியும் அப்படியும் லேசாக ஆடியதை அவர் மணிக்கட்டாலேயே சமாளித்தார். சுருள் முழுதாக மேசையில் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“போதுமா?”

அவள் ஆப்பிளையே பார்த்தாள். காம்புக்குக் கீழே, கட்டைவிரல் நகமளவுக்குக் கறுப்பாக ஒரு சொத்தை இருந்தது. அதை அவரும் அப்போதுதான் பார்த்தார். சீவி எடுக்க முடியாது. கத்தியின் முனையைக் குத்தி, அடியில் கொடுத்து நெம்பித்தான் எடுக்க வேண்டும். நெம்பினால், அவள் மேசை விளிம்பில் அழுத்திப் பார்த்தது போல, பாரம் முழுக்க அலகின் முதுகில் இறங்கும்.

“எனக்குப் பாதி உண்டுல்ல, அண்ணே?” என்றாள். “சொத்தையை எடுத்துட்டுக் குடு.”

அவர் முனையைச் சொத்தையின் ஓரத்தில் வைத்தார். அலகு மடங்குகிற வழியில் அவருடைய நாலு விரல்களும் பிடியைச் சுற்றி வரிசையாகக் கிடந்தன. முனை கொஞ்சம் உள்ளே இறங்கியது. வெள்ளைச் சதையிலிருந்து ஒரு துளி சாறு கிளம்பி, அலகு வழியாக, புள்ளி விழ வேண்டிய இடத்தைத் தாண்டி, அவருடைய சுட்டுவிரலை நோக்கி மெதுவாக ஊர்ந்தது. விரல் அசையவில்லை. நெம்ப வேண்டிய கத்தியும் அசையவில்லை.