காற்று நகரத்து இருமல்

அந்த மலை ஊரின் வரலாற்றைச் சலவைக்கடைக்காரியிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அழுக்கை வைத்தே சொல்லியிருப்பாள். அவள் கடை திறந்தபோது ஊரில் ஈயச் சுரங்கம் இருந்தது; துணி அலசிய தண்ணீர் கறுப்பாக ஓடும். ஈயம் தீர்ந்ததும் முதலாளிகள் மூட்டை கட்டினார்கள். மலையைக் காலியாக்கி, உள்ளே வேலை செய்தவர்களின் நெஞ்சை நிரப்பிவிட்டுப் போனார்கள். அடுத்து, மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று ஒரு டாக்டர் கண்டுபிடித்து, வெளியூர்ப் பணக்காரர்களின் நுரையீரலுக்கு ஆஸ்பத்திரி கட்டினார். உள்ளூர் நுரையீரலுக்கு அங்கே கட்டில் கிடையாது. அவளுக்கு வெளுக்க வெள்ளை விரிப்புகள் கிடைத்தன. சமவெளியிலேயே நல்ல மாத்திரை வந்ததும் ஆஸ்பத்திரியும் படுத்துவிட்டது. பெயிண்ட் அடித்து அதை ஓட்டலாக்கினார்கள்.

இப்போது ஊர் 'தூய காற்று நகரம்'. அப்படி அறிவித்தவர் நகராட்சித் தலைவர், அதாவது அவளுடைய கூடப் பிறந்த தம்பி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் காற்றைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். பேருந்துகள் இன்ஜினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டு நிற்கும் இடமும் அதுதான். வாங்குகிறவர்கள் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

இந்தப் பெருமையில் ஒரே ஓட்டை அவள் புருஷன். சுரங்கத்தில் காலமெல்லாம் பாறைத் தூளைச் சுவாசித்தவர். கடைக்கு மேல் மாடியில், வீதியைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சு ஓரளவுக்காவது ஓடும். இருமத் தொடங்கினால் தெருமுனை வரை கேட்கும்.

ஒருநாள் தம்பி படியேறி வந்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதே. வர்றவங்கல்லாம் ஜன்னலுக்கு நேர் கீழதான் நிக்கிறாங்க. சீசன் முடியற வரைக்கும் மாமாவைப் பின்னாடி ரூம்ல உக்கார வையேன்."

"அந்த ரூமுக்கு ஜன்னலே இல்லையேடா."

"ஃபேன் மாட்டித் தர்றேன்."

"ஊருக்கெல்லாம் காத்து விக்கிறே. உன் மாமாவுக்கு மட்டும் ஃபேனா?"

"ஓட்டல் துணியை வேற கடைக்கு மாத்தணும்னு மேனேஜர் நச்சரிக்கிறார்க்கா. நான்தான் தடுத்து வச்சிருக்கேன்."

அக்கா மேல் அத்தனை அக்கறை. ஓட்டல் துணி போனால் கடையே போச்சு. நாற்காலியைப் பின்னறைக்கு இழுத்துப் போட்டாள். அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். மறுநாள் விடிந்து பார்த்தால் உதடெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. துணியாவது மண்ணாங்கட்டியாவது என்று நாற்காலியைத் திரும்ப ஜன்னலோரம் கொண்டுவந்து போட்டாள்.

சனியன் பிடித்த நேரம், அன்றைக்கென்று தம்பியே ஒரு கூட்டத்தை அழைத்துவந்து கீழே நின்று காற்றின் மகிமையை அளந்துகொண்டிருந்தான். மேலே இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு அம்மாள் திடுக்கிட்டு, என்ன சத்தம் என்று கேட்டாள்.

"சுரங்க காலத்துச் சத்தம்ங்க. மாறாம அப்படியே பாதுகாத்து வச்சிருக்கோம்" என்றான் தம்பி. தலைவர் பதவி சும்மாவா கிடைக்கிறது?

கூட்டம் கைதட்டியது. தத்ரூபமாக இருக்கிறதாம்.

சாயந்தரமே பழக்கூடையோடு வந்துவிட்டான். "மாமா, காலைல ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை இருமினாப் போதும். ஜன்னல் இனிமே உங்களுக்குத்தான்."

அவர் சிரிக்கப் போய் அது இருமலாக முடிந்தது. "அது நான் கூப்பிட்டு வர்றதில்ல மச்சான். வர்றப்ப கேட்டுக்கச் சொல்லு."

தலைவரின் காதில் சம்மதம் மட்டும் விழுந்தது. விளம்பரத் தாளில் 'சுரங்கத் தொழிலாளியின் அசல் இருமல்' என்று அச்சாயிற்று; டிக்கெட்டும் போட்டார்கள். காற்றை விட இருமலுக்குத்தான் கூட்டம் அதிகம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஜன்னல் திறந்திருந்ததே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அவர் நாற்காலியிலேயே அயர்ந்து தூங்கிப்போனார். மார்பு மெதுவாக ஏறி இறங்கியது, இழுப்பு இல்லை. அவர் அப்படித் தூங்கி அவள் பார்த்து வருஷக்கணக்காகிறது. கீழே டிக்கெட் வாங்கிய கூட்டம் அண்ணாந்து நின்றது.

"அக்கா, மாமாவை எழுப்பேன். எல்லாரும் காத்திட்டிருக்காங்க" என்று தம்பி கீழிருந்து கெஞ்சினான்.

அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தாள். கூட்டம் முணுமுணுத்தது, காசைத் திருப்பிக் கேட்டது, கலைந்தது. சொந்த ஊர் நஷ்டப்படுவதைப் பார்த்து அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.