திறக்காத டெலிவரி ஆர்டர்

கோப்பு சேதமடைந்திருக்கிறது, திறக்க முடியாது என்று அந்த அறிவிப்புப் பெட்டி மறுபடியும் திரையில் வந்து நின்றது. சங்கமித்ரா 'சரி' என்ற பொத்தானை அழுத்தினாள். அழுத்துவதற்கு வேறு பொத்தானே அதில் இல்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது ரஷீது பாயின் கிளியரிங் ஆபீஸ். துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கு வேண்டிய காகிதங்களை வாங்கி, சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். வியாசர்பாடியிலிருந்து வரும் சங்கமித்ரா எம்.சி.ஏ. முடித்தவள். ஆபீசுக்கு ஒரே புரோகிராமர். கம்ப்யூட்டர், பிரிண்டர், சில நாள் டெலிபோன் என்று பிளக்கில் மாட்டிய எது நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

2006 கோடையில் ஒரு கப்பல் கம்பெனி, சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டருக்காக இனி யாரும் வரிசையில் நிற்க வேண்டாம், இன்டர்நெட் வழியே வெப் சர்வீஸில் கேட்டால் வந்துவிடும் என்று அறிவித்தது. ஆனால் அது ஆவணமாக வரவில்லை. இடைவெளியும் அர்த்தமும் இல்லாத ஆங்கில எழுத்துகளாகப் பக்கம் பக்கமாக வந்தது. அதைப் பழைய உருவத்துக்கு மாற்றி, பிடிஎஃப் என்று பெயர் வைத்துச் சேமிக்க வேண்டும். சங்கமித்ரா அதற்கு ஒரு புரோகிராம் எழுதினாள். முதலில் வந்ததெல்லாம் ஒழுங்காகத் திறந்தது. ரஷீது பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீசுக்கு வருகிறவர்களை அவள் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி வேடிக்கை காட்டினார்.

அப்புறம் தவசிமுத்துவின் ஆவணம் வந்தது. அது திறக்கவில்லை.

தவசிமுத்து காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர். சீனாவிலிருந்து அவர் தருவித்த புது இஞ்சின், எண்ணூர் போகும் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் கிடந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது. மற்ற படகுகளுக்கெல்லாம் பெயின்ட் அடித்து, வலை ஏற்றிவிட்டார்கள். அவருடையது வயிறு காலியாகக் கரையில் நின்றது. காலையில் வந்தவர் அவள் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இஞ்சினு யார்டுல கீது. நானே கேட்டாண்ட போய் பொட்டிய பாத்துட்டு வந்தேன். லாரி கீது, ஆளு கீது. இந்த டப்பாவுக்குள்ள இன்னாதாம்மா மாட்டிக்கினு கீது?"

"பேப்பர் வந்துடுச்சுண்ணா. தொறக்க மாட்டேங்குது."

"வந்துச்சுன்ற, தொறக்கலன்ற. ரெண்டுல ஒண்ண சொல்லும்மா."

மும்பையில் இருந்த கப்பல் கம்பெனியின் உதவி மையத்துக்குப் போன் போட்டாள். பாட்டு கேட்க வைத்தார்கள். பிறகு வந்தவர், நாங்கள் அனுப்புவதெல்லாம் பிடிஎஃப்தான், கோளாறு உங்கள் பக்கம்தான் என்றார். பாதியில் அறுந்து வருகிறதோ என்று எழுத்துகளைக் கம்ப்யூட்டரிலேயே எண்ணிப் பார்த்தாள், முழுதாக இருந்தது. மாற்றும் இடத்தில் பிழையோ என்று வரிவரியாகத் தேடினாள். பிடிஎஃப் படிக்கும் மென்பொருளைக் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றினாள். இதற்கு நடுவே ரஷீது பாய் நான்கைந்து தடவை எட்டிப் பார்த்து, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன் என்றார். கடைசித் தடவை அவள் திரும்பியே பார்க்கவில்லை.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள், தவசிமுத்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு மூடிவிட்டாள். வெறுத்துப்போய், ஏற்கெனவே திறந்த ஆவணங்களின் எழுத்துக் குவியலை நோட்பேடில் ஒரு பக்கமும், திறக்காததை இன்னொரு பக்கமும் போட்டாள். எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை. ஆனால் நல்லவை எல்லாமே ஜே, வி, பி, ஈ என்று ஒரே மாதிரி ஆரம்பித்தன. தவசிமுத்துவுடையது மட்டும் எஸ், யூ, கே, க்யூ என்று ஆரம்பித்தது.

அப்படியானால் இது பிடிஎஃபே இல்லை. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. அவளுடைய புரோகிராம், கம்பெனி சொன்னதை நம்பி, அதற்கும் பிடிஎஃப் என்று பெயர் வைத்திருக்கிறது. ஸ்கேன் செய்த படமாக இருக்குமோ என்று தோன்றியது. கோப்புப் பெயரின் கடைசியில் இருந்த பிடிஎஃபை அழித்து, ஸ்கேன் படங்களுக்கு வைக்கும் டிஃப் என்று மாற்றினாள். படம் உடனே திறந்தது.

தவசிமுத்து எழுந்து வந்து பின்னால் நின்றார். ரஷீது பாயும் வந்துவிட்டார். கோணலாக ஸ்கேன் செய்த ஒரே ஒரு தாள். சங்கமித்ரா படித்தாள். மறுபடியும் படித்தாள். அது டெலிவரி ஆர்டரே இல்லை. சரக்கு யாருடையது என்று காட்டும் மூலப் பத்திரம் இன்னும் ஒப்படைக்கப்படவில்லை, ஆர்டர் தர இயலாது, அதை எடுத்துக்கொண்டு நேரில் வரவும் என்று கையால் எழுதி, கீழே முத்திரை குத்தியிருந்தார்கள்.

மூலப் பத்திரம் எங்கே என்று பாயிடம் கேட்டாள். அவர் மெதுவாகப் போய் பீரோவைத் திறந்தார். பத்திரம் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது.

"எல்லாம் கம்ப்யூட்டர்லயே வருதே, இத இன்னும் எதுக்குக் குடுக்கணும்னு இருந்துட்டேன்மா," என்றார்.

சங்கமித்ராவுக்கு வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று தெரிந்தது. தவசிமுத்துவுக்கு அந்தக் கவலை இல்லை. "யோவ் பாய், உன்னால நான் பேஜாராகிக்கினு கீறேன். நீ பீரோல பூட்டி வெச்சினு இந்தப் பொண்ண வறுக்கிறியே," என்றார். பாய் பத்திரத்தை எடுத்து நீட்டினார்.

பத்திரத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, சங்கமித்ரா தவசிமுத்துவின் வண்டியில் ஏறி, பாரிமுனையில் இருந்த கப்பல் கம்பெனியின் சென்னை ஆபீசுக்குப் போனாள். வரிசையே இருக்காது என்று சொன்ன கம்பெனியில் மாடிப்படி வரை வரிசை நின்றது. கவுண்டரில் டோரதி என்ற பெண்மணி பத்திரத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், அச்சடித்த ஆர்டரைக் கையிலேயே கொடுத்தார். மறுப்புச் சீட்டைப் படமாக அனுப்பினால் யாருக்கு எப்படித் தெரியும் என்று சங்கமித்ரா கேட்டாள்.

"ஆர்டரெல்லாம் மெஷினே போட்டுடும்மா. முடியாதுன்னா நாங்க கையால எழுதி ஸ்கேன் பண்ணிடுவோம். அதுக்கப்புறம் அது எங்க போகுதுன்னு எங்களுக்கே தெரியாது," என்றார் டோரதி. அவரும் களைத்துத்தான் இருந்தார்.

மறுநாள் அவள், முதல் எழுத்துகளைப் பார்த்துப் பெயர் வைக்கும்படி புரோகிராமை மாற்றினாள். படமாக வந்தால் உடனே சிவப்பில் எச்சரிக்கும்படியும் செய்தாள். மும்பைக்கு அந்தக் கோப்பை இணைத்து விளக்கமாக மின்னஞ்சல் அனுப்பினாள். இணைப்பு திறக்கவில்லை, சரியான கோப்பை அனுப்பவும் என்று பதில் வந்தது. அதற்குமேல் அவள் எழுதவில்லை.

இஞ்சின் இறங்கி, மெக்கானிக் பொருத்தி முடிப்பதற்குள் தடைக்காலம் முடிந்துவிட்டது. மற்ற படகுகள் முதல் மீனோடு திரும்பிய பிறகுதான் தவசிமுத்து கடலுக்குப் போனார். அடுத்த தடவை ஆபீசுக்கு வந்தபோது அவர் பாயிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: இனிமேல் என் பேப்பர் எதுவானாலும் இந்தப் பொண்ணு கையில் கொடுத்துவிடு, மிச்சத்தை அது பார்த்துக்கும். சங்கமித்ராவுக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, வேலை கூடியதென்று நொந்துகொள்வதா என்று தெரியவில்லை.