சட்டைப் பையில் இருந்த விதை

அழுக்குத் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் மாமனாரின் சட்டைப் பையில் அந்த உறை தட்டுப்பட்டது. மேலே என் கணவரின் கோணல் எழுத்து, உள்ளே புல் விதை. எனக்குத் தலை முதல் கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஒரு உறைக்காக ஆய்வகத்தையும் வீட்டையும் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருந்தேன்.

"மாமா, இது எப்பலேருந்து உங்ககிட்ட இருக்கு?"

"அவன் போனதுலேருந்து" என்றார். லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "சட்டை மாத்தினா இதையும் மாத்திக்குவேன். நேத்து மறந்துட்டேன்."

"நாயா அலைஞ்சு தேடினேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ அறுத்துப் பாத்துடுவ."

அது உண்மைதான். அறுத்துப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. நானும் என் கணவரும் ஒரே ஆய்வகம். புல்லின் உடம்புக்குள் நூல் நூலாக ஓடி வாழும் பூஞ்சையைப் பற்றி ஆராய்ந்தோம். புல் அதற்குச் சோறும் இடமும் கொடுக்கும், அது பூச்சி அண்டாமல் புல்லைக் காக்கும். "மாடு பாக்க வேண்டிய வேலையைப் புருஷனும் பொண்டாட்டியும் பாக்குறீங்க" என்று மாமா கிண்டல் செய்வார். இந்தப் பூஞ்சை காற்றில் பரவாது, பக்கத்துச் செடிக்கும் தாவாது. தாய்ப்புல்லிலிருந்து விதைக்குள் போனால்தான் உண்டு.

வேறெங்கும் பார்த்திராத பூஞ்சை ஒன்றை என் கணவர் ஒரு மலைச் சரிவில் கண்டுபிடித்தார். விதை சேர்த்தாயிற்று என்று போனில் சொன்னார். திரும்பி வந்தபோது ஆய்வகம் பூட்டியிருந்தது. மாமா இப்போது சொல்லித்தான் தெரிந்தது, உறையை வீட்டில் அவரிடம் கொடுத்துவிட்டு, வாடகை ஜீப்பைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். வழியில் விபத்து. ஆஸ்பத்திரிக்கு அடையாளம் காட்ட மாமாதான் போனார். என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. அதன் பிறகு அந்தச் சரிவையும் சாலைக்காக வெட்டிவிட்டார்கள். அவர் கண்டுபிடித்தது மிச்சம் இருந்தால் இந்த உறையில்தான் இருக்க வேண்டும்.

விதைத்தேன். அத்தனையும் முளைத்தன. மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தினமும் ஆய்வகத்துக்கு வந்து, "எம்புள்ள கொண்டாந்தது, சோடை போகுமா?" என்று தொட்டி கழுவும் பெண்வரை எல்லோரிடமும் பெருமையடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. விதை சூட்டில் கிடந்தால் உள்ளே இருக்கும் பூஞ்சைதான் முதலில் சாகும். விதை பிழைத்துக்கொள்ளும். இந்த உறையோ இரண்டு கோடையைப் பார்த்துவிட்டது.

புல் கொஞ்சம் தடித்ததும், தண்டைச் சுற்றியிருந்த இலையடியின் உள்தோலை உரித்து, நீலச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தேன். செல்களுக்கு நடுவே நீல நூல் வளைந்து வளைந்து ஓட வேண்டும். செங்கல் அடுக்கினாற்போல் செல்கள் மட்டும் இருந்தன. அடுத்த செடியிலும் அப்படித்தான். கடைசிச் செடிவரை ஒன்றிலும் இல்லை. அவர் இன்னொரு முறை செத்துப்போன மாதிரி இருந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. மாமாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் எழுந்து போனேன்.

அவர் பூவாளியோடு தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இருக்கா?"

"இல்ல மாமா. செத்துப்போச்சு."

"பச்சைப்பசேல்னு நிக்குதேம்மா!"

"புல்லு நிக்குது. அவர் கண்டுபிடிச்சது உள்ள இல்ல. சூட்டுல செத்துடுச்சு."

"எந்தச் சூட்டுல?"

நான் அவர் சட்டையைப் பார்த்தேன். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"குடுக்கும்போது அவர் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?" என்று கத்தினேன்.

"சொன்னான். 'அப்பா, உடனே ஃப்ரீசர்ல வச்சிடுங்க'ன்னான். வச்சேன்." பூவாளி சாய்ந்து தண்ணீர் அவர் காலிலேயே கொட்டியது. "மறுநாள் ஆஸ்பத்திரியில ஃப்ரீசர் பெட்டியை வெளிய இழுத்து அவனைக் காட்டினாங்க. தொட்டுப் பாத்தேன். ஐஸா இருந்தான்ம்மா. வீட்டுக்கு வந்ததும் மொதல்ல இதைத்தான் வெளிய எடுத்தேன். இதாவது குளிராம இருக்கட்டும்னு."

அவர் கையிலிருந்து பூவாளியை வாங்கி, மீதித் தொட்டிகளுக்கு நான் தண்ணீர் ஊற்றினேன்.